பயங்கரவாதமும் தீவிரவாதமும் ஒண்ணா?

நியூஸ் சேனல் ஸ்க்ரோல்ல பாருங்க, ஒரே ஆளை காலைல தீவிரவாதின்னு போடுவாங்க, சாயங்காலம் பயங்கரவாதின்னு போடுவாங்க. ரெண்டும் வேற வேறங்க. தீவிரவாதம்னா எக்ஸ்ட்ரீமிசம், ஒரு கொள்கையில கடைசி எல்லை வரைக்கும் போறது, யார் மேலயும் கை வைக்காமலே ஒருத்தர் ஆயுசு பூரா தீவிரவாதியா இருந்துட்டுப் போகலாம். பயங்கரவாதம்னா டெரரிசம், இதுல கொள்கை என்னங்கிறது பேச்சே இல்ல, வழிமுறைதான் பேச்சு: சண்டையில இல்லாதவங்கள அடிச்சு, அதப் பாக்குறவங்கள நடுங்க வச்சு, காரியம் சாதிக்கிறது.

டெரர் லத்தீன் வேர்ல இருந்து வந்தது, பயமுறுத்துறதுன்னு அர்த்தம். ஆனா டெரரிசம்ங்கிற பேர் மொதல்ல ஒட்டுனது ஒரு அரசாங்கத்து மேல. 1793-94ல பிரான்ஸ்ல புரட்சி அரசு கில்லட்டின்ல தலை தலையா வெட்டிட்டு இருந்தப்ப அதோட முக்கியத் தலைவர் ரொபெஸ்பியர், பயங்கரம்னா உடனடியான, கடுமையான, வளைஞ்சு குடுக்காத நீதிதான்னு பெருமையாவே பேசுனாரு. 1794 ஜூலைல அவர் தலையும் அதே கில்லட்டின்ல போச்சு, அதுக்கப்புறம் அவரோட ஆளுங்கள வைய எதிராளிங்க கெளப்பி விட்ட சொல்தான் இது, 1798ல பிரெஞ்சு அகாதமி அகராதியோட பிற்சேர்க்கையிலயே ஏறிடுச்சு.

அப்புறம் ரஷ்யா. அங்க புரட்சிக்காரங்க இந்தப் பேரைத் தாங்களே வச்சுக்கிட்டாங்க. 1905ல மாஸ்கோவுல அவங்கள்ல ஒருத்தரான காலியாயேவ் குண்டோட காத்திருக்காரு, ரஷ்ய மன்னரோட சித்தப்பா இளவரசர் செர்கேயோட வண்டி வருது, உள்ள மனைவியும் தம்பி பிள்ளைங்க ரெண்டு பேரும் இருக்காங்க, அவர் கைய எறக்கிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு செர்கேய் தனியா வந்தப்ப எறிஞ்சுட்டாரு. எல்லாரும் இதோட கதைய நிறுத்திடுவாங்க, வண்டிக்காரரும் அந்தக் காயத்துலயே செத்தாரு, அவர் என்ன பாவம் பண்ணாருன்னு யாரும் கேக்குறதில்ல.

போர்ங்கிறதால மட்டும் சண்டையில இல்லாதவங்கள அடிக்கிறது சரியாயிடுமா? போருக்குப் போறது நியாயமாங்கிறது ஒரு கேள்வி, போருக்குள்ள நடந்துக்கிறது நியாயமாங்கிறது இன்னொண்ணு, மொத கேள்விக்கு ஆமான்னு சொல்லிட்டா ரெண்டாவதுல பாஸ் ஆகிட முடியாது. ஹிட்லர எதிர்த்த போர் நியாயம்தான். ஆனா ஜெர்மனியோட ட்ரெஸ்டன் நகரத்துல பிரிட்டனும் அமெரிக்காவும் குண்டு போட்டு சுமார் 25,000 பேர் செத்த பிறகு, 1945 மார்ச்ல பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலே தன் குறிப்புல, வேற காரணம் சொல்லிக்கிட்டு பயங்கரத்தக் கூட்டறதுக்காகவே நகரங்கள்ல குண்டு போடறத மறுபடி யோசிக்கணும்னு எழுதிட்டாரு, தளபதிங்க கொதிச்சதும் வாபஸ் வாங்கி வேற மாதிரி எழுதிக் குடுத்தாரு.

நம்ம புறநானூறு 9வது பாட்டுல, அம்பு விடப் போறோம், பசு, பார்ப்பனர், பெண்கள், நோயாளிங்க, பிள்ளை பெறாதவங்க எல்லாம் அரணுக்குப் போயிடுங்கன்னு அறிவிக்கிறத அறவழின்னு புகழ்றாரு புலவர் நெட்டிமையார். அழகுதான், ஆனா வயல்ல நிக்கிற உழவன் அந்த லிஸ்ட்ல இல்ல, எதிரி ஊரக் கொளுத்தறதுக்கு எரிபரந்தெடுத்தல்னு தொல்காப்பியத்துல துறையே, அதாவது போர்ப் பாட்டு பாடறதுக்கான ஒரு தலைப்பே இருக்கு.

சரி, தமிழ்ச் சொல்? பயங்கரம் வடமொழி. அச்சுறுத்தல்னு மட்டும் போட்டா கந்துவட்டிக்காரன் மிரட்டலும் அதுல வந்துடும், வன்முறைன்னா தெருச்சண்டையும் வந்துடும். அதனால 'அச்சுறுத்து வன்முறை'ன்னு சொல்லலாம்ங்கிறது என் கட்சி, வாதம்ங்கிற ஒட்டு போயிடுது, கொள்கை மாதிரி தொனிக்காது. சட்டம் சம்பந்தமா எழுதுறவங்க பயங்கரவாதம்னே வச்சுக்கங்க, இலங்கையோட 1979 சட்டத்துக்கே பயங்கரவாதத் தடைச் சட்டம்னுதான் பேரு. தீவிரவாதத்த மட்டும் இதுக்குப் பதிலா போடாதீங்க.