அருவிக்கடியில் முதல் அரை நிமிஷம்

"ஏட்டி, மூச்சைப் பிடிக்காத. வெளிய விடு, விடு!"

குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் பக்கம். விடியக்காலை ஐந்து மணி இருக்கும். எனக்கு எட்டு வயசு. ஆச்சி என் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுப் போட்ட சத்தம் இது. அருவி இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. நான் அதற்கு நேர்மாறாகச் செய்தேன். வாயைப் பிளந்து மூச்சை இழுத்தேன். காற்றோடு தண்ணீரும் உள்ளே போய், புரையேறி, இருமி, அழுதுகொண்டே வெளியே ஓடினேன். ஆச்சி ஈரத்தலையோடு நின்று சிரித்தாள்.

அந்த இழுப்புக்குப் பயம் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. யாராக இருந்தாலும் அப்படித்தான் இழுத்திருப்பார்கள். உடலியல்காரர்கள் இதைக் குளிரதிர்ச்சி என்கிறார்கள்.

எங்கள் ஊர் செங்கோட்டை. ஆச்சி பிறந்தபோது இது திருவிதாங்கூர் ராஜாவின் ஊர். 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை புளியரைப் பக்கம் நகர்ந்து இத்தனை காலமாகியும், தென்காசிக்குப் போகும் வழியில் இருக்கிற பிரானூரை இன்றைக்கும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். மனுஷனுக்கான எல்லை அப்படி. மழைக்கான எல்லை மலைதான், அது நகரவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியாது, ஆகவே தென்மலை, ஆரியங்காவுப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது மிச்சம் மீதி இருப்பதுதான் சாரல். ஆரியங்காவுக் கணவாய் மலைத்தொடரில் தணிந்த ஒரு வாசல் மாதிரி இருப்பதால் காற்று அங்கே குவிந்து பாய்கிறது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளித் திருநெல்வேலியில் வெயில் வறுத்தெடுக்கும் அதே ஆனி மாசத்தில் இங்கே ஜன்னலைச் சாத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்போம். குற்றால மலையின் உச்சியில் பெய்கிற மழை அருவிகளாக இறங்கிச் சிற்றாற்றில் சேரும். எங்களுக்கு அதுதான் 'சீசன்'.

பக்கத்தில் இருப்பதாலேயே உள்ளூர்க்காரர்கள் அருவிக்கு அதிகம் போவதில்லை. ஆச்சி மட்டும் விதிவிலக்கு. சீசன் ஆரம்பித்தால் நாலைந்து நாள் தொடர்ந்து போவாள். "ஒரு நாள் குளிச்சா அது குளியல் இல்ல, நாலு நாள் குளிக்கணும்" என்பாள். இந்த நாலு நாள் கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த இழுப்பு. தோலின் மேல்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் கூட உள்ளே போகாத ஆழத்தில் குளிரை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அவற்றில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம். அதை ஒரு சின்னக் கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிர் பட்டால் அது திறக்கும், நரம்பில் மின்சாரம் ஓடும். மென்தால் பட்டாலும் திறக்கும். தலைவலித் தைலம் தடவினால் நெற்றி ஜில்லென்று ஆவது இதனால்தான், உண்மையில் அங்கே எதுவும் குளிர்ந்திருக்காது. 2002-ல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், சூட்டையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-ல் ஆர்டெம் பட்டபௌடியனோடு நோபல் பரிசு பெற்றார்.

இந்த நரம்புகள் எவ்வளவு குளிர் என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தது என்பதையும் பார்க்கின்றன. இதுதான் முக்கியம். தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அருவியிலோ, சூடாகிவிட்ட தண்ணீர் தோலில் ஒரு நொடி கூடத் தங்காது, புதுத் தண்ணீர் வந்து விழுந்துகொண்டே இருக்கும். தோல் முழுவதும் ஒரே சமயத்தில் கூச்சல் போடுகிறது. மூளைத்தண்டு அதைக் கேட்டு அவசரநிலை அறிவிக்கிறது. பெரிதாக ஒரு மூச்சு, அப்புறம் கட்டுக்கடங்காத வேகத்தில் சின்னச் சின்ன மூச்சுகள், இதயம் படபடவென்று அடிப்பது, தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவது, ரத்த அழுத்தம் ஏறுவது. சாதாரணமாக நாம் இழுக்கும் மூச்சு அரை லிட்டர். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவர்கள் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று லிட்டர் இழுக்கிறார்கள். முகம் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் உடம்பின் உள்சூடு 37 டிகிரியை விட்டு அசைந்தே இருக்காது. ஆபத்து இன்னும் வரவில்லை, அலாரம் மட்டும் அடிக்கிறது. முதல் அரை நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். கடலில் விழுந்தால் உடனே நீந்தாதீர்கள், முதலில் மிதந்து மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று பிரிட்டனின் உயிர்மீட்புப் படகுச் சேவை பிரசாரம் செய்வது இந்தக் கணக்கில்தான்.

ஆச்சி சொன்னதும் அதுவே. மூச்சை வெளியே விடுகிறவரால் அதே நொடியில் உள்ளே இழுக்க முடியாது, புரையேறாது. இன்னொன்றும் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள், பலருக்கு அங்கேயே தெரியும். வெளிமூச்சின்போது, இதயத்துக்குப் பிரேக் போடுகிற வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது.

இதே வேகஸை இழுத்துவிடும் இன்னொரு விசை முகத்தில் இருக்கிறது. குளிர்ந்த நீர் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் பட்டு, மூச்சும் நின்றால், முக்கிளை நரம்பு வழியாகச் செய்தி போய் இதயம் மெதுவாகும். கடல்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் நீருக்கடியில் ஆக்சிஜனை மிச்சம் பிடிக்க உதவும் அதே ஏற்பாடு நம்மிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, அருவியில் தலையைக் கொடுக்கும்போது தோல் இதயத்தை 'ஓடு' என்கிறது, முகம் 'நில்' என்கிறது. ஆரோக்கியமான இதயம் சமாளித்துக்கொள்ளும். ஏற்கனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த இரட்டைக் கட்டளை துடிப்பின் தாளத்தைக் கெடுத்துவிடலாம். மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களை நடு அருவிக்கு இழுத்துக்கொண்டு போகிற உற்சாகப் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

காலை முதலில் நனைத்து, அப்புறம் கை, அப்புறம் தலை என்று குளித்தால் உடம்புச் சூடு உச்சந்தலை வழியாக வெளியேறும் என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது. சூடு அப்படியெல்லாம் வரிசையில் நின்று வெளியேறாது. ஆனால் பழக்கம் நல்ல பழக்கம். தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தால் அலாரமும் குறைவாகவே அடிக்கும். விளக்கம் தப்பு, செய்வது சரி. நம் ஊர்ப் பழக்கவழக்கங்கள் பலவற்றின் கதி இதுதான்.

சரி, ஆச்சியின் நாலு நாள் கணக்கு. பிரிட்டனில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல வருஷங்களாக ஆட்களைக் குளிர்ந்த நீரில் இறக்கி அளந்துகொண்டிருக்கிறார். இரண்டு மூன்று நிமிஷம் வீதம் ஐந்தாறு தடவை இறங்கினால் போதும், குளிரதிர்ச்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. எங்கே குறைகிறது? தோல் மரத்துப்போகிறதா, மூளை பழகிக்கொள்கிறதா? இதற்கு 1998-ல் வெளியான சோதனை ஒன்று அழகானது. உடம்பின் ஒரு பாதியை மட்டும் திரும்பத் திரும்பக் குளிரில் நனைத்தார்கள். அப்புறம் அதுவரை குளிரே படாத மறு பாதியை நனைத்துப் பார்த்தார்கள். அந்தப் பாதியும் அடக்கமாகவே நடந்துகொண்டது. அந்தப் பக்கத்துத் தோல் புதுசு, அதன் நரம்புகள் வழக்கம்போலக் கத்தியிருக்கும். கேட்கிற இடத்தில்தான் மாற்றம். மூளை அந்தக் கூச்சலை 'தெரிஞ்ச கூச்சல்தான்' என்று கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது.

இன்னொரு சோதனையில் 14 மாதம் கழித்து அதே ஆட்களைத் திரும்ப இறக்கினார்கள். பழக்கத்தில் ஒரு பங்கு அப்போதும் மிச்சமிருந்தது. ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் நடுவே பன்னிரண்டு மாதம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குளிருக்குப் பழகியவர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றில் உடற்பயிற்சி செய்யவைத்தபோது, அங்கேயும் அவர்களுடைய உடம்பு முன்பைவிடக் குறைவாகவே பதறியது. ஒரு கஷ்டத்துக்குக் கற்றது இன்னொரு கஷ்டத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கிறது என்று இதைப் படிக்கலாம். அதற்காக அருவியில் குளித்தால் பரீட்சை பயமும் கடன் தொல்லையும் தீரும் என்று தாவிவிடக் கூடாது. குளிர்நீர்க் குளியலை விற்கிற வீடியோக்களில், உற்சாகத்தோடு சேர்த்துப் பேசப்படும் ரசாயனமான 'டோபமைன் 250 சதவீதம் ஏறும்' என்று ஒரு வரி தவறாமல் வரும். அது 2000-ல் வந்த ஒரு நிஜமான ஆய்வின் எண்தான். ஆனால் அதில் ஆட்கள் 14 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தருவியில் பின்னால் நிற்கிற அக்கா அவ்வளவு நேரம் விடமாட்டார்கள்.

அருவியைப் பற்றி இன்னொரு பிரபலமான பேச்சு எதிர்மின் அயனிகள். நீர் சிதறும் இடத்தில் காற்றில் எதிர்மின்னேற்றம் சேர்வது உண்மை, 1892-லேயே இயற்பியலாளர் பிலிப் லெனார்ட் இதை எழுதியிருக்கிறார். அதனால்தான் மனசு லேசாகிறது என்பதற்குத்தான் ஆதாரம் போதவில்லை. 2013-ல் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது பதற்றத்திலும் தூக்கத்திலும் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, அதுவும் மிக அடர்த்தியான அயனிகளால், ஓரளவு பலன் தெரிந்தது. அயனி தருவதாகச் சொல்லி விற்கிற மிஷினுக்குக் காசு கொடுப்பதைவிட அருவிக்குப் போகிற ஆட்டோவுக்குக் கொடுக்கலாம்.

தோளில் தண்ணீர் அறைவது சுகமாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வது போலத்தான் அது. தொடுகையும் அழுத்தமும் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு முன்னால் போய் வாசலை அடைத்துக்கொள்கின்றன என்று வலியை ஆராய்ந்த மெல்சாக், வால் இருவரும் 1965-ல் விளக்கினார்கள். சத்தத்துக்கும் பங்கு இருக்கிறது. அருவியின் இரைச்சலில் எல்லா அலைவரிசையும் கலந்திருப்பதால் மற்றச் சத்தங்கள் அதில் மூழ்கிவிடும். திடுக்கிட வைக்க எதுவும் மிஞ்சாது. இயற்கை ஒலிகளைப் பற்றிய ஆய்வுகளை 2021-ல் தொகுத்துப் பார்த்ததில், மனநிலையையும் உடல்நலத்தையும் உயர்த்துவதில் தண்ணீர்ச் சத்தமே முதலில் நின்றது. எரிச்சலையும் அழுத்தத்தையும் தணிப்பதில் பறவைச் சத்தம் முந்தியது.

வாசனை எனக்குப் பிடித்த பகுதி. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஜியோஸ்மின் என்ற பொருளைச் செய்கின்றன. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். 2015-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் மழைத்துளி மண்ணில் விழுவதை வேகமான கேமராவில் பிடித்தார்கள். துளி மண்ணோடு ஒட்டும்போது அடியில் காற்றுக்குமிழிகள் சிக்குகின்றன. அவை துளிக்குள் ஏறி, சோடாவில் நுரை தெறிப்பது போல மேலே வெடித்து, மண்ணில் இருந்ததை நுண்துளிகளாகக் காற்றில் தூவுகின்றன. அடைமழையில் இது குறைவு. மெல்லிய, மிதமான மழையில்தான் அதிகம். சாரலை அளந்து பார்க்க அவர்கள் யாரும் செங்கோட்டைக்கு வரவில்லை, ஆனால் எங்கள் வயல்வரப்பில் ஆனி மாசச் சாயங்காலம் வீசுகிற வாசனைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அருவி எப்போதும் தாலாட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்தில் நொடியில் வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. கீழே வெயிலடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். போலீஸ் விசில் ஊதினால் 'இன்னும் ரெண்டு நிமிஷம்' என்று கேட்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.

ஆச்சி இப்போது இல்லை. போன சீசனில் சென்னையிலிருந்து தங்கச்சி மகள் வந்திருந்தாள், ஒன்பது வயசு. முதல் நாள் ஐந்தருவியில் நான் "மூச்சை வெளிய விடு" என்று கத்த, அவள் உள்ளே இழுத்து, புரையேறி, என்னை முறைத்துக்கொண்டே வெளியே ஓடினாள். ரம்புட்டான் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கையை மட்டும் நீட்டி நனைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு இருபது எண்ணும்வரை நின்றாள். நாலாம் நாள் என்னைக் கேட்காமலே உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்துத் தலையை வெளியே நீட்டினாள்.

"பெரியம்மா, இன்னைக்குத் தண்ணி சூடா இருக்கு!"

முந்தின ராத்திரி முழுக்க மலையில் மழை. தண்ணீர் கலங்கி, நேற்றைவிட வேகமாக விழுந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டிப் பார்த்தேன். பல் கிட்டித்தது.