ஒரே ஒரு நம்பர்ல போச்சு!

குடியாத்தம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூணு நம்பர் லாட்டரியில் காசு கட்டுகிறான். கண்டித்தால், ‘போன வாரம் ரெண்டு நம்பர் சரியா வந்துச்சு சார், கடைசி நம்பர்தான் போச்சு, கிட்ட வந்துட்டேன்’ என்கிறான். இது வயசுக்கோளாறா, வியாதியா? எப்படித் தெரிந்துகொள்வது?"

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை. செல்போனில் பணம் வைத்து ஆடுவதற்கும் 2025இல் நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காட்டன் சீட்டு என்ற கள்ள நம்பர் சூதாட்டத்துக்குச் சீட்டு எழுதிச் சிக்கியவர்கள் பற்றிய செய்தி வேலூர்ப் பக்கம் ஓய்வதில்லை. சரி, சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பையன் சொன்ன "கிட்ட வந்துட்டேன்" என்ற சொல்லைப் பார்ப்போம்.

000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். மூன்று இலக்கமும் பொருந்துவது ஒன்றே ஒன்று. இரண்டு மட்டும் பொருந்துவது? தவறுகிற இடம் மூன்றில் ஏதோ ஒன்று. அந்த இடத்தில் வரக்கூடிய தவறான இலக்கங்கள் ஒன்பது. மூவொன்பது 27. அதாவது, ஒரு வெற்றிக்கு 27 "கிட்ட வந்துட்டேன்" என்ற விகிதம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை.

இது ஏன் சுண்டி இழுக்கிறது என்பதற்கு மாந்தோப்புக்குப் போக வேண்டும். மாங்காய்க்குக் கல் எறிகிறீர்கள். முதல் கல் ரெண்டு முழம் தள்ளிப் போகிறது. அடுத்தது காம்போரத்து இலையை உரசுகிறது. உங்கள் கை உண்மையிலேயே குறிக்கு நெருங்கிவிட்டது. ‘இன்னொரு கல் எடு’ என்று மூளை உந்துவது நியாயம்தான். நடை பழகியதும் சைக்கிள் பழகியதும் இந்த உந்துதலால்தான். குலுக்கலில் வருகிற எண்ணுக்கோ போன வார எண் நினைவில்லை. அங்கே நெருங்குவது என்ற ஒன்றே கிடையாது. ஆனால் மூளைக்கு அந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை, மாங்காய்க்குக் கொடுத்த உந்துதலையே இதற்கும் கொடுக்கிறது.

2009இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் லூக் கிளார்க் குழுவினர் இதை ஸ்கேனில் பார்த்தார்கள். படங்கள் கொண்ட இரண்டு சக்கரம் சுழலும் சூதாட்டப் பொறி போன்ற ஒரு விளையாட்டு. வெல்லும்போது கிளர்ச்சியடைகிற மூளைப் பகுதிகளில் சில, மயிரிழையில் தவறும்போதும் கிளர்ச்சியடைந்தன. முழுதாகத் தோற்றதைவிட மயிரிழையில் தோற்றதுதான் அதிகக் கசப்பு என்றார்கள் ஆடியவர்கள். ஆனாலும் மறுபடி ஆடும் ஆசை கூடியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான்: படத்தை ஆடுபவரே தேர்ந்தெடுத்தபோது மட்டுமே அந்த ஆசை கூடியது. கணினி தேர்ந்தெடுத்தபோது கூடவில்லை!

பிறந்த தேதி, கனவில் வந்த எண், ராசி எண் என்று அலைகிறார்களே, அதன் விஷமம் இங்கேதான் இருக்கிறது. ராசி எண்ணால் வெல்லும் வாய்ப்பு ஒரு துளியும் கூடாது. ‘இது என் நம்பர்’ என்ற ஒட்டுதல் மட்டும் கூடும். நாளிதழ்கள் ராசிபலனோடு அதிர்ஷ்ட எண்ணும் போடுவதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

பதின்வயதில் ஆசையைத் தூண்டும் பகுதி முன்னால் ஓடும். தடுத்து நிறுத்தும் முன்மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். இது பலரும் அறிந்ததுதான்.

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். எவ்வளவு காசு போனது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு 2013இல் சூதாட்டக் கோளாறை அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது நான்கு 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். அதில் ஒன்றுக்கு நம்மிடம் சொல்லே தயாராக இருக்கிறது: விட்டதைப் பிடிப்பது.

பிள்ளைகளுக்கென்று தனிக் கேள்வித்தாள்களும் உண்டு. பிரிட்டனில் ஆய்வாளர் சூ ஃபிஷர் உருவாக்கியது அதில் ஒன்று. வீட்டில் பொய் சொன்னாயா, பள்ளிக்கு மட்டம் போட்டாயா என்றெல்லாம் கேட்கும். தோற்ற பணத்தை மீட்க இன்னொரு நாள் போனாயா என்றும் கேட்கும். எப்போதோ ஒருமுறை போனதைக் கணக்கில் எடுக்காது, பாதிக்கு மேற்பட்ட தடவை போயிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக் காசையோ பஸ் காசையோ சூதில் விட்டாயா என்றும் ஒரு கேள்வி.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் அரசுப் பள்ளியில் சத்துணவு இலவசம், பஸ் பாஸ் இலவசம். அப்படியே மொழிபெயர்த்தால் பையன் ‘இல்லை’ என்று உண்மையையே சொல்லித் தப்பிவிடுவான். குடியாத்தத்தில் கேட்க வேண்டியது அம்மா பீடி சுற்றிய கூலியை, குழுவுக்குக் கட்ட வைத்த தவணைப் பணத்தை, கடைக்கு அனுப்பியதில் மிஞ்சிய சில்லறையைச் சூதில் விட்டாயா என்று. தடைச் சட்ட வழக்குகளுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை இப்படி நம்மூர்ப் பேச்சில் கேள்விகளை எழுதிச் சரிபார்க்கக் கொடுத்தால் என்ன?

ஐயா, அவனை ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அங்கே பொய்தான் வரும். தனியாகக் கேளுங்கள். பதில்கள் கவலை தந்தால், கேள்வித்தாளை வைத்து நீங்களே வியாதி என்று முடிவு கட்ட வேண்டாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணும் உண்டு.

அப்புறம், வகுப்பில் ஒன்று செய்யுங்கள். மூன்று டப்பாவில் 0 முதல் 9 வரை சீட்டுப் போட்டு, ஆளுக்கொரு மூன்று இலக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, நூறு முறை எடுங்கள். நான் வீட்டில் செய்து பார்த்தேன். ‘கிட்ட’ மூன்று, வெற்றி பூஜ்யம். கணக்குத் தெரிந்த எனக்கே, இரண்டு எண் பொருந்திய ஒவ்வொரு முறையும் கை அடுத்த சீட்டுக்குக் கொஞ்சம் வேகமாகத்தான் போனது.