ஒரே தொட்டியில் வறட்சியும் வெள்ளமும்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார். சின்னதாகப் பசுமைக்குடில் ஒன்று வைத்திருக்கிறாராம். கூரைக் குழாய்களில் வரிசையாகத் தொங்கு தொட்டிகள்: பெட்டூனியா, ஃபியூஷியா, ஒன்றிரண்டு பெரணி. தினமும் தண்ணீர் விடுகிறார், அதுவும் அடித்துளையில் சொட்டுகிற வரைக்கும். அப்படியும் மதியத்துக்குள் செடி துவண்டு தொங்கிவிடுகிறது. பொறுக்கமுடியாமல் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார். மேல் பாதி கலவை பொடிப்பொடியாக உதிர்ந்ததாம். அடியில் வேர் பழுப்பாகி, அழுகி, நாறியதாம். "மேலே வறட்சி, கீழே வெள்ளம். ஒரு சாண் தொட்டிக்குள் இரண்டும் எப்படி?"

செடி போன கதையைக் கேட்டு வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ குஷியாகிவிட்டது. ஏனென்றால் அந்த வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணம் ஒரே சமன்பாடு. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்து, பரிட்சை முடிந்ததும் மறந்துபோன அதே சமன்பாடு.

முதலில் சுலபமான கேள்வி. தொங்கு தொட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் காய்கிறது? சூடான காற்று மேலே போகும், தொட்டியும் மேலேதான் இருக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வீரியம் புரியும். 25 டிகிரி செல்சியஸில் காற்று கொள்ளக்கூடிய நீராவியின் அழுத்தம் 3.17 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 2.22 நிரம்பியிருக்கிறது, மிச்ச இடம் 0.95. இந்த மிச்ச இடம்தான் காற்றின் தாகம். இலைத்துளைகள் வழியாக நீரை இழுப்பது அதுவே. இப்போது அதே காற்று கூரைப் பக்கம் போய் 30 டிகிரி ஆகிறது. கொள்ளளவு 4.24க்கு ஏறிவிடும். உள்ளே இருக்கும் நீராவியோ அதே 2.22தான். மிச்ச இடம் 2.02. ஆக, ஐந்தே டிகிரிதான் வித்தியாசம், தாகம் இரண்டு மடங்கு! கீழே பெஞ்சில் இருக்கும் செடிக்குப் போதுமான தண்ணீர், தலைக்கு மேலே தொங்கும் அதன் தங்கைக்குப் பாதிதான். இதோடு தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் காற்று, உள்ளே கையளவு கலவை. காயாமல் என்ன செய்யும்?

சரி, இவ்வளவு தாகத்துக்கு நடுவில் அடியில் மட்டும் எப்படிச் சேறு? இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசப் போகிறேன்.

சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் செவ்வகமான ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருந்தால் நல்லது. தண்ணீரில் முக்கி, அமுக்கி, முழுக்க ஊறவிடுங்கள். பிறகு படுத்த வாக்கில் உள்ளங்கைகளில் ஏந்தித் தூக்குங்கள். சொட்டும், சொட்டும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பிழியக் கூடாது, உதறக் கூடாது. அப்படியே மெதுவாகத் திருப்பி நீளப் பக்க விளிம்பில் நிற்கவையுங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி ஆரம்பிக்கும். அதுவும் நின்றதும், குறுகிய பக்கம் கீழே வரும்படி நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மூன்றாவது முறையும் சொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே துளைகள், அதே ஈர்ப்பு விசை. உயரம் மட்டும்தான் மாறியது. முதன்முறை இதைச் செய்துபார்த்தபோது நான் கால்மணி நேரம் அங்கேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரங்கள் காத்திருந்தன.

விஷயம் இதுதான். ஸ்பாஞ்சில் இருந்து ஒரு சொட்டு கீழே விழவேண்டும் என்றால், அடிப்பரப்பில் இருக்கும் நீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சமாவது தாண்டவேண்டும். தாண்டாதவரை துளைகளின் சுவர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பிடி எவ்வளவு உயரத்துக்குத் தாங்கும் என்பதை ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கில மருத்துவர் 1718லேயே சொல்லிவிட்டார்: துளை எவ்வளவு குறுகலோ, அவ்வளவு உயரம். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 1.5 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். 0.3 மில்லிமீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் என்றால் 15.

இதைத் தொட்டிக்குள் பொருத்திப் பாருங்கள். கலவைத் துணுக்குகளுக்கு நடுவே உள்ள சந்துகள்தான் இங்கே துளைகள். அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் 0.1 மில்லிமீட்டரைவிடப் பெரிய ஆரமுள்ள துளைகளெல்லாம் தண்ணீரைக் கைவிட்டுவிடும், அங்கே காற்று புகும். 5 சென்டிமீட்டர் உயரத்தில் 0.3க்கு மேற்பட்டவை மட்டும் காலியாகும். அடிமட்டத்துக்கு வந்தால் பெரிது சிறிது என்ற பேதமில்லாமல் அத்தனை துளைகளிலும் தண்ணீர். இந்த நிரம்பிய அடுக்கின் உயரம் கலவையைப் பொறுத்தது. தொட்டி ஒரு சாண் இருந்தாலும் ஒரு முழம் இருந்தாலும், கலவை ஒன்றென்றால் அந்த உயரமும் ஒன்றுதான். தொட்டியின் அடியில் எத்தனை வடிதுளை போட்டாலும் அது மாறாது.

ஸ்பாஞ்சுக்கு இப்போது கணக்கு சரியாக வருகிறது. 12க்கு 8க்கு 3 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சில் நிரம்பிய அடுக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படுத்திருக்கும்போது அந்த அடுக்கின் கன அளவு 192 கன சென்டிமீட்டர். நீள விளிம்பில் நிறுத்தினால் 72. நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 48. சொட்டிப்போனது இந்த வித்தியாசம்தான்.

தரையில் வளரும் செடிக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை? கீழே இன்னும் மண் இருக்கிறது, அதற்கும் கீழே இன்னும் மண். நீர் துளைக்குத் துளை கைமாறி இறங்கிக்கொண்டே போகும். துளையுள்ள தொட்டியை நேரடியாக மண்மேல் வைத்தால்கூட, அடித்துளை வழியாகக் கீழ்மண் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். தொங்கு தொட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் கீழே இருப்பது வெறும் காற்று. காற்று கை நீட்டித் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. போதாக்குறைக்குத் தொங்கு தொட்டிகள் ஆழம் குறைந்தவை. 30 சென்டிமீட்டர் தொட்டியில் அடி 4 சென்டிமீட்டர் நிரம்பிக் கிடந்தால் செடி கவலைப்படாது. 12 சென்டிமீட்டர் தொட்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. அதில் தண்ணீர்த் தட்டை அடியிலேயே மாட்டிவிட்டு, வடிந்த நீரை அதில் தேங்கவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுமுட்டிச் சாகும். பித்தியம் மாதிரியான நீர்ப்பூஞ்சைகளுக்கோ கொண்டாட்டம், அவற்றின் வித்துகள் நீந்தியே போகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. செடி வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம்.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. "அடியில் கூழாங்கல் போடு, தண்ணீர் நன்றாக வடியும்." தோட்டம் வைத்த எவருக்கும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். நானும் போட்டிருக்கிறேன். நடப்பது நேர் எதிர். கலவையின் துளைகள் சிறியவை, கல்லிடையே உள்ள சந்துகள் பெரியவை. சிறிய துளை பிடித்துவைத்திருக்கும் நீரைப் பெரிய சந்தால் இழுத்துக்கொள்ள முடியாது. கல்லுக்குச் சற்று மேலே கலவை முழுக்க நிரம்பிய பிறகுதான் சொட்டு கல்லுக்குள் இறங்கும். அதாவது நிரம்பிய அடுக்கு காணாமல் போகாது. கல் எவ்வளவு உயரமோ அவ்வளவு மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்பாதவர்கள் கோல்ஃப் மைதானத்தைப் பார்க்கலாம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960ல் வெளியிட்ட புல்தரை விதிமுறையில், சுமார் 30 சென்டிமீட்டர் மணல் கலவைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் சரளைக் கல் வருகிறது. எதற்கு? சீக்கிரம் வடிந்துபோகும் மணலில் புல்லுக்கு வேண்டிய நீரைத் தேக்கிவைக்க! அவர்கள் தேக்குவதற்குப் போடும் கல்லை நாம் வடிப்பதற்குப் போடுகிறோம்.

மண் தண்ணீரை எப்படிப் பிடிக்கிறது என்பதை முதன்முதலில் சரியாக எழுதியவர் எட்கர் பக்கிங்ஹாம் என்ற இயற்பியலாளர். அமெரிக்க வேளாண் துறையின் மண் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தார், 1907ல் அந்த ஆய்வு வெளியானது. மண் காய்வதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஓர் இயற்பியலாளருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்திருக்கிறது. இன்று ஒருவர் அப்படி விண்ணப்பம் போட்டால், மூன்று வருடத்தில் என்ன பொருள் சந்தைக்கு வரும் என்ற பத்தியை நிரப்பச் சொல்வார்கள். அங்கேயே அவர் கதை முடிந்தது. பாசனத்துக்குப் போடும் கணக்குகள் இன்றைக்கும் அந்த வேடிக்கையின் மேல்தான் நிற்கின்றன. என் எரிச்சல் இருக்கட்டும்.

இப்போது மேல்பாதி வறட்சி. ஊற்றிய தண்ணீர் அடியில் சொட்டியதே, நடுவில் ஏன் நனையவில்லை?

ஜூரினின் சமன்பாட்டில் ஒரு மூலையில் சேர்கோணத்தின் கொசைன் உட்கார்ந்திருக்கும். சேர்கோணம் என்பது நீரின் விளிம்பு திடப்பொருளைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணம். கண்ணாடியும் தண்ணீரும் என்றால் கோணம் கிட்டத்தட்ட பூஜ்யம், கொசைன் 1, அதனால் பள்ளியில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. தொங்கு தொட்டிகளில் பெரும்பாலும் மண் கிடையாது. எடைக்குப் பயந்து பீட் பாசியோ (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கோகோபீட்டோ (தென்னை நார்த்தூள்) பெர்லைட் என்ற லேசான பொரிந்த கல் கலந்து போடுகிறோம். பீட் ஈரமாக இருக்கும்வரை தண்ணீரை ஆசையாக வாங்கிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்துவிட்டால் குணம் மாறிவிடும். அதிலுள்ள மெழுகும் கரிம அமிலங்களும் நீரை விரும்பும் முனையை உள்பக்கம் திருப்பி, நீரை விலக்கும் வாலை வெளியே நீட்டிக்கொள்கின்றன. சேர்கோணம் 90 டிகிரியைத் தாண்டுகிறது. கொசைன் எதிர்க்குறி ஆகிறது. அவ்வளவுதான், இழுத்துப் பிடித்த அதே துளை இப்போது தண்ணீரை வெளியே தள்ளுகிறது. குறுகிய துளை என்றால் இன்னும் பலமாகத் தள்ளும். காய்ந்த பீட்மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தாமரை இலைமேல் உருளுவது போல முத்தாக நிற்கும்.

காய்ந்த பீட் சுருங்கவும் செய்யும். தொட்டிச் சுவருக்கும் கலவைக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாகச் சரேலென்று அடிக்குப் போய், அங்கே ஏற்கெனவே நிரம்பியிருக்கும் அடுக்கில் சேர்ந்து, துளையில் சொட்டும். கீழே நின்று பார்ப்பவருக்குத் தொட்டி நனைந்துவிட்ட மாதிரி இருக்கும். வாசகி பார்த்தது இதைத்தான். சொட்டை நம்பினார்.

அப்புறம் என்ன செய்வது? காய்ந்துபோன தொட்டியைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் ஆகலாம். தோட்டத்துக்கென்றே விற்கிற நனைப்பான் திரவம் இருந்தால் நல்லது, அது கோணத்தை இறக்கிவிடும். தினசரி ஊற்றும்போது ஒரே மூச்சில் ஊற்றாமல், கொஞ்சம் விட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் விடுங்கள். முதல் தண்ணீர் மேற்பரப்பைப் பழக்கும், இரண்டாவதுதான் உள்ளே போகும். கோகோபீட் கலந்தால் மறுபடி நனைவது பீட்டைவிடச் சுலபம். கல்லை எடுத்து எறியுங்கள், அந்த இடத்துக்கும் கலவையே போகட்டும். கலவை பொடியாக இல்லாமல் கொஞ்சம் பருமனாக இருந்தால் நிரம்பிய அடுக்கு தானாகக் குறையும். தினம் வடியும் நீரோடு உரமும் போய்விடும், அதனால் நீர்த்த உரம் அடிக்கடி. மேல் தொட்டி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே வேறு செடி வைக்காதீர்கள், அழுகல் நோய் அந்தச் சொட்டோடுதான் இறங்கும்.

தண்ணீர் விடவேண்டுமா என்று தெரிந்துகொள்ள மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பதைவிட, தொட்டியை அடியில் கைகொடுத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பது நல்லது. 5 லிட்டர் கலவை நன்றாக நனைந்திருந்தால் அதில் பாதிக்குமேல் தண்ணீர். அதாவது இரண்டரைக் கிலோவுக்கு மேல். காய்ந்த தொட்டி கையில் பஞ்சுபோல எழும்பும். ஒரு வாரம் தூக்கிப் பார்த்தால் கைக்கே கணக்கு வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, ஸ்பாஞ்சை ரசித்தவர்களுக்கு. என் பெரணித் தொட்டிக்கு மூன்று சங்கிலி, அடியில் விளிம்பை ஒட்டித் துளைகள். தண்ணீர் விட்டு, சொட்டெல்லாம் நின்றபிறகு, ஒரு சங்கிலியை மட்டும் கொக்கியிலிருந்து கழற்றி, ஒரு துளை கீழே வரும்படி சாய்த்துப் பிடிப்பேன். சாய்ந்ததும் தொட்டியின் உயரம் கூடிவிடுகிறது. இரண்டு விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் டொக், டொக் என்று மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். நேற்று கால் டம்ளர் வந்தது.