ஒரு சொட்டுகூடப் பிடிக்காத குழாய்க்கு 10 மில்லி உப்புநீர் எதற்கு?

"அம்மாவுக்குக் கையில் ஊசி போட்டு வைத்திருந்தார்கள். ட்ரிப்ஸ் ஓடாத நேரத்திலும் நர்ஸ் வந்து, சிரிஞ்சில் வெறும் சலைனை எடுத்து ஏற்றிவிட்டுப் போவார். அதையும் ஒரே மூச்சில் தள்ளாமல் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளி... மருந்தே இல்லாத தண்ணீர் எதற்கு? நிறுத்தி நிறுத்தித் தள்ளுவது வெறும் பழக்கமா, காரணம் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

காரணம் உண்டு. அழகான காரணம்.

அதற்கு முன் ஒன்று. கையில் தங்கியிருப்பது ஊசி அல்ல. எஃகு ஊசி வழிகாட்டி மட்டுமே. நாளத்துக்குள் நுழைந்ததும் அதை உருவி எடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது கேனுலா என்னும் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஊசி குத்திவிடுமோ என்று பயந்து கையை விறைப்பாக வைத்துக்கொண்டே படுத்திருப்பவர்கள் பலர். அவ்வளவு அவஸ்தை தேவையில்லை.

சலைன் என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைந்த நீர். ரத்தத்தின் அடர்த்திக்கு நெருங்கிய அளவு என்பதால் சிவப்பணுக்கள் அதில் ஊதி வெடிப்பதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே அதை விடுவதன் அவசியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்: செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கால்சியம் உள்ள திரவமும் குழாய்க்குள் சந்தித்தால் திப்பி திப்பியாகப் படியும். ரத்த நாளத்துக்குள் அப்படிப்பட்ட துகள்கள் போகவே கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். கேனுலாவின் பருமனை அதன் நிறமே சொல்லும். இளஞ்சிவப்பு என்றால் 20 கேஜ். உள்விட்டம் சுமார் 0.8 மில்லிமீட்டர், நீளம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 0.016 மில்லி. சாதாரண ட்ரிப்ஸ் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ஆக, அந்தக் குழாய் பிடிப்பது ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்கு! உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது மட்டும்தான் நோக்கம் என்றால் ஓரிரு சொட்டு போதும். நர்ஸ் ஏற்றுவதோ 5 மில்லி, சில சமயம் 10.

ஏனென்றால் அவர் காலி செய்வது குழாயை அல்ல. அவர் கழுவுவது குழாயின் சுவரை.

பிளாஸ்டிக் ரத்தத்தில் பட்ட சில நிமிடங்களிலேயே ரத்தப் புரதங்கள் அதன் மேல் ஒட்டத் தொடங்குகின்றன. ஃபைப்ரினோஜென் அவற்றில் முக்கியமானது. ரத்தம் உறையும்போது இழையாக மாறுவதும் அதுதான். அந்தப் பிசுக்கு, தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு நல்ல பிடிமானம். ஒட்டியபின் தங்களைச் சுற்றிக் கூழ் போன்ற ஒரு போர்வையை அவை சுரந்துகொள்கின்றன. அதற்குள் ஆன்டிபயாட்டிக் எளிதில் வேலை செய்யாது. ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்வதே வழி.

ஆனால் சுவரைக் கழுவுவது லேசான காரியம் இல்லை. மின்விசிறியைப் பாருங்கள். அவ்வளவு வேகமாகச் சுற்றியும் இறக்கையில் தூசி படிந்தே இருக்கிறது. இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடேயே போவதால் தூசிக்கு அருகில் காற்று வீசுவதே இல்லை. எந்தத் திரவமும் வாயுவும் திடப்பரப்பைத் தொடும் இடத்தில் அதனோடு ஒட்டி நிற்கும். குழாயிலும் இதே கதைதான். சீராகத் தள்ளினால் நடுவில் நீர் பாய்ந்தோடும், ஓரத்துக்கு வர வர வேகம் குறையும், சுவரில் பூஜ்யம். புதிதாக வரும் நீரில் பெரும்பகுதி நடுவழியே ஓடி ரத்தத்தில் கலந்துவிடும். சுவர்ப் பிசுக்கு அசையாமல் கிடக்கும்.

நின்ற நீரைத் திடீரென்று தள்ளினால் என்ன ஆகும்? இதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். முதல் கணத்தில் நீர் முழுவதும் ஒரே தண்டுபோல நகரத் தொடங்குகிறது. சுவரை ஒட்டிய வெகு மெல்லிய படலம் மட்டுமே நிற்கிறது. அதற்கு அடுத்த படலமே ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுகிறது. பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு இவ்வளவு குறுகிய இடைவெளியில் மாறுவதால் சுவர் மீதான உராய்வு எகிறுகிறது, பிசுக்கைச் சுரண்டுகிறது. பிறகு ஓரத்தின் மந்தம் மெல்ல மெல்ல உள்ளே பரவ, ஓட்டம் பழையபடி சீராகிவிடுகிறது. 0.8 மில்லிமீட்டர் குழாயில் இதற்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு நொடிதான் ஆகும். அதனால்தான் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொடக்கமும் ஒரு புதிய சுரண்டல். இணைப்பு மூலைகளில் ஒவ்வொரு முறையும் புதிய சுழல். ஒரு தள்ளுக்கு 1 மில்லி வீதம் 10 மில்லியில் பத்துத் தொடக்கங்கள். சீரான ஓட்டத்தைவிட இப்படி விட்டுவிட்டுத் தள்ளுவதே குழாயை நன்றாகக் கழுவுகிறது என்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

கடைசித் தள்ளலையும் கவனியுங்கள். தேர்ந்த நர்ஸ் சிரிஞ்சை முழுக்கக் காலி செய்யமாட்டார். உலக்கையின் ரப்பர் முனை அடியில் முட்டி நசுங்கினால், விரலை எடுத்ததும் விரிந்து, துளி ரத்தத்தைக் குழாய்க்குள் பின்னோக்கி இழுத்துவிடும். அது உறைந்தால் அடைப்பு. அதனால் அரை மில்லியை மிச்சம் வைத்து, தள்ளிக்கொண்டே, குழாயை நெரித்து மூடும் கிளாம்பை மூடுவார். மருந்து ஏற்றும் வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 நொடி தேய்த்து உலரவிடுவது பாக்டீரியா உள்ளே போகாமலிருக்க. அவசரத்தில் அந்த உலரவிடுதல் விட்டுப்போகலாம்.

என் கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேனுலாவை மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற விதி வெகுகாலம் நடைமுறையில் இருந்தது. செவிலியர் துறைப் பேராசிரியர் கிளேர் ரிக்கார்டின் குழு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2012-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. விதிப்படி மாற்றியவர்களுக்கும், தேவை வந்தபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் நாள அழற்சி (ரத்த நாளம் வீங்கி வலிப்பது) ஒரே அளவுதான், 7 சதவீதம். எத்தனை வீண் குத்தல்கள் இதனால் தவிர்க்கப்பட்டிருக்கும்! விட்டுவிட்டுத் தள்ளும் முறையையும் இதே போலப் பெரிய அளவில் நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும். புது மருந்துக்கும் புது இயந்திரத்துக்கும் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பங்கு செவிலியர்களின் இத்தகைய கேள்விகளுக்கும் போகவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். "தெம்புக்கு ஒரு பாட்டில் போடுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் சலைனில் ஒரு கலோரிகூட இல்லை. ஒவ்வொரு கேனுலாவும் தோலில் திறக்கும் ஒரு வாசல். நல்ல காரணம் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது.

கேள்வி கேட்ட வாசகிக்கு இன்னொரு தகவல். சலைன் ஏறும்போது கையில் சில்லென்று ஓடுவது இயல்பு; அது அறை வெப்பநிலையில் இருக்கிறது, உடலோ 37 டிகிரி. எரிச்சலோ வலியோ இருந்தாலும், அந்த இடம் உப்பினாலும் அம்மா அப்போதே சொல்லிவிட வேண்டும். குழாய் நாளத்தை விட்டு நழுவியிருக்கலாம், நாளம் வீங்கியிருக்கலாம். தள்ளும்போது தடை தெரிந்தால் நர்ஸும் அழுத்தித் தள்ளமாட்டார். அதைக் கழற்றிவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போடுவார்.