கொத்தடிமை மீட்பில் கல்லூரிகளுக்கு இருக்கும் வேலை

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்குத் தோப்பு போன்ற இடங்களில் சிக்கியிருக்கும் கொத்தடிமைத் தொழிலாளர்களை மீட்கும் பணியில் இருக்கிறேன். கருத்தரங்குகளில் பேசச் சொல்லிக் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வரும். போய்ப் பேசிவிட்டும் வருவேன். ஆனால் சமூகப்பணித் துறைகளிடமும் சட்டக் கல்லூரிகளிடமும் எனக்கு வேண்டியது வேறு: விசாரணை நடக்கும் அன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் எழுதவும் தெரிந்த ஆட்கள்.

மீட்பு என்றால் ஜீப்பில் போய் ஆட்களை ஏற்றி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எல்லாம் முடிவாவது அதற்கப்புறம் கோட்டாட்சியர் நடத்தும் விசாரணையில். கொத்தடிமை என்று அவர் முடிவு செய்தால்தான் விடுதலைச் சான்றிதழ். நிவாரணமும் மறுவாழ்வுத் தொகையும் அந்தத் தாளை நம்பித்தான் இருக்கின்றன.

விசாரணை பல நேரங்களில் இப்படித்தான் போகும். அரிசி ஆலையில் நெல் அவித்துக் காயவைக்கும் இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் மேசை முன் நிற்கிறார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். வாசலில் முதலாளியின் ஆட்கள்.

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"பூட்டி வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"முதலாளி எப்படி?"

"நல்லவருங்க."

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேட்ட கேள்விகளுக்குத்தான் சட்டத்தோடு சம்பந்தம் இல்லை.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்கு அடிபட்ட காயமோ சங்கிலியோ தேவையில்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் உழைக்கிறார். அதனால் வேறு வேலைக்குப் போக முடியவில்லை, அல்லது விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியவில்லை, அல்லது கூலி பெயரளவுக்குத்தான் கிடைக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அந்த முன்பணம் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் பிரிவு 15 கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

அதே பெரியவரைத் தனியாக அழைத்துப்போய், தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

"உங்க அம்மா சாவுக்கு ஊருக்கு யாரெல்லாம் போனீங்க?"

"நான் மட்டும்தாங்க."

"சம்சாரம், புள்ளைங்க?"

"எல்லாரும் போனா திரும்பி வரமாட்டோம்னு முதலாளி விடலீங்க."

வழக்கு முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது. எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் தேதி தெரியாது. தீபாவளிக்கு முன்னாலா, மூத்த பிள்ளை பிறந்த பிறகா என்று கேட்டால் கணக்கு சரியாக வரும். இப்படிக் கேட்பது ஒரு பயிற்சி. முதுகலை வகுப்பில் நேர்காணல் முறை என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தரும் விஷயம்தான். அது ஆய்வேட்டுக்கு மட்டும் பயன்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

மொழி இன்னொரு பெரிய தடை. திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டக் குடும்பங்கள் நிறைய. விசாரணையில் அவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் இல்லாமல், அவர்களைக் கூட்டி வந்த தரகரையே பேச வைப்பார்கள். இதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. சென்னையின் பெரிய கல்வி நிறுவனங்களில் ஒடியா பேசும் மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் சிலரைப் பழக்கி வைத்தாலே போதும்.

தொழில்நுட்பத்தாலும் உதவ முடியும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நவீன அடிமைத்தனத்தை ஆராயும் ரைட்ஸ் லேப் என்ற மையம், பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் வரையிலான நிலப்பரப்பில் 55,387 செங்கல் சூளைகள் இருக்கலாம் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து மதிப்பிட்டு 2018இல் வெளியிட்டது. சூளை எங்கே இருக்கிறது என்று படம் காட்டும். உள்ளே இருப்பவர் நினைத்தால் வெளியே போக முடியுமா என்பதை ஆள் போய்த்தான் கேட்க வேண்டும்.

கணக்கெடுப்பிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் 1995இல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னார்கள். அரசே எடுத்த கணக்கில் வந்தது அதில் மிகச் சிறிய பங்கு. யார் எடுக்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் இவ்வளவு மாறும். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு மறுவாழ்வுத் திட்டத்தில் மாவட்டக் கணக்கெடுப்புக்கு 4.5 லட்சம் ரூபாய் ஒதுக்க வழி உண்டு. 1976 சட்டத்தின் பிரிவு 13இன் கீழ் ஆட்சியர் தலைமையில் அமையும் கண்காணிப்புக் குழுவில் சமூகப் பணியாளர்கள் இருவருக்கு இடம் உண்டு. பேராசிரியர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

மீட்புக்குப் பிந்தைய காலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். அதே 2016 திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம் என்று தொகை இருக்கிறது. ஆனால் முழுத்தொகை முதலாளி மீதான வழக்கின் தண்டனைத் தீர்ப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. உடனே கிடைப்பது 30,000 வரைதான். வழக்கு இழுக்க இழுக்க ஆதார், சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, வீட்டுமனை என்று குடும்பம் அலையும். கையில் காசு தீர்ந்ததும் தரகர் அடுத்த அட்வான்ஸோடு வந்து நிற்பார். ஒரு துறை ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் மாறினாலும் மூன்று ஆண்டு விடாமல் போய்வந்தால் இந்தப் பொறியைத் தடுக்க முடியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மீண்டு வந்தவரிடம் ஆய்வுக்காக மறுபடியும் முதலிலிருந்து கதை கேட்காதீர்கள். கோட்டாட்சியர், போலீஸ், வழக்கறிஞர் என்று ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லி முடித்தவர் அவர். எடுத்த வாக்குமூலம் போதும். முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம்.

சேர்ந்து வேலை செய்ய விரும்பும் துறைகள் காலத்தையும் கவனிக்க வேண்டும். களப்பணி ஒதுக்கீடு ஜூனில் நடக்கிறது. சூளைகள் மும்முரமாக ஓடுவது ஜனவரியிலிருந்து மே வரை. இரண்டாம் பருவத்துக்கான ஒரு குழுவுக்கு டிசம்பரிலேயே பயிற்சி கொடுத்து, ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் பெயர்ப் பட்டியல் கொடுத்து வையுங்கள். பட்டியலில் முன்னாள் மாணவர்களும் இருக்கட்டும், ஏனென்றால் ஏப்ரலில் தேர்வு நடக்கும்போதும் எங்களுக்கு ஆள் வேண்டும்.