ஸ்டென்ட் விலை உச்சவரம்பு: பில்லில் என்ன இருக்க வேண்டும், அதை ஏன் பத்திரப்படுத்த வேண்டும்

இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ முடிந்த கையோடு, அதைச் செய்யும் கேத் லேப் வாசலில் நிற்கும் குடும்பத்தாரிடம் கையெழுத்துக் கேட்பார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அடைப்பு பெரிசா இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வச்சிடலாம். இந்தியன் போதுமா, இம்போர்ட்டட் வேணுமா?" உள்ளே படுத்திருப்பது அப்பாவோ கணவரோ. விலை விசாரிக்கவோ நாலு கடை ஏறி இறங்கவோ அது நேரமில்லை. இப்படி ஒரு நிலையில் நிற்பவருக்காகத்தான் ஸ்டென்ட்டின், அதாவது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயின், விலையைச் சட்டமே முன்கூட்டிக் கட்டிவைத்திருக்கிறது.

2016 ஜூலையில் இதய ரத்தக்குழாய் ஸ்டென்ட், உச்ச விலைக்கு வழிவிடும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் பிரேந்தர் சாங்வான் தொடுத்த பொதுநல வழக்கு இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2017 பிப்ரவரி 13 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலையை அறிவித்தது: மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி அதிகபட்ச சில்லறை விலை 1,21,400 ரூபாயாக இருந்தது. மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரலில் இந்த உச்ச விலை மாறும். 2025 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த விலை, மருந்து பூசியதற்கு 38,933 ரூபாய் 14 காசு, வெறும் உலோகத்துக்கு 10,692 ரூபாய் 69 காசு. ஜிஎஸ்டி இதில் சேராது.

உள்நாட்டுத் தயாரிப்பு, இறக்குமதி இரண்டுக்கும் ஒரே உச்சவரம்புதான். புதிய தலைமுறை ஸ்டென்ட்டுகளுக்குத் தனி வகை, தனி விலை வேண்டுமென்று வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்டன. 2018இல் விலையை மறுபரிசீலனை செய்தபோதும் ஆணையம் அதை ஏற்கவில்லை. ஆகவே "இது ஸ்பெஷல், அதனால் ஒரு லட்சம்" என்று யாராவது சொன்னால், அது சட்டப்படி நிற்காது. தரத்தை எண்ணியும் பயப்பட வேண்டாம். சூரத்தில் தயாராகும் சுப்ராஃப்ளெக்ஸ் ஸ்டென்ட்டை அமெரிக்க நிறுவனத்தின் ஜையன்ஸோடு ஒப்பிட்ட டேலன்ட் ஆய்வு ஐரோப்பாவில் 1,435 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியானது. இதயக் காரண மரணம், சிகிச்சை செய்த குழாயால் வந்த மாரடைப்பு, அதே இடத்தில் மறுசிகிச்சை மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், ஓராண்டில் சுப்ராஃப்ளெக்ஸில் 4.9 சதவீதம், ஜையன்ஸில் 5.3 சதவீதம்.

உச்சவரம்பு எதற்குப் பொருந்தாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு ஸ்டென்ட்டுக்குத்தான் அந்த விலை. இரண்டு வைத்தால் இரண்டு மடங்கு. ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுபோய் வைக்க உதவும் பலூன், கைடு வயர், கதீட்டர் ஆகியவற்றுக்கு இது கிடையாது. அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். மருந்து பூசிய பலூன் என்று இப்போது பரவலாகி வருவது ஸ்டென்ட் அல்ல, அதற்கும் இந்த வரம்பு இல்லை. கால், கழுத்து ரத்தக்குழாய்களில் வைக்கும் ஸ்டென்ட்டும் இந்த ஆணைக்குள் வராது. கேத் லேப் கட்டணம், மருத்துவர் கட்டணம் எல்லாம் மருத்துவமனை முடிவு செய்வது. ஸ்டென்ட்டில் குறைந்த தொகை இந்த இனங்களில் வந்து உட்காரும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் "பேக்கேஜ்" என்ற ஒற்றை வரி பில்லை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஆணையத்தின் உத்தரவுப்படி, ஸ்டென்ட் விலையை பில்லில் தனியாகக் காட்டியாக வேண்டும். அதோடு அதன் பிராண்டு பெயர், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனம், பேட்ச் எண் இருக்க வேண்டும். பில் கைக்கு வந்ததும் ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாளில் பார்கோடு, பேட்ச் எண், காலாவதித் தேதி, பக்கத்தில் 3.00 × 28 என்பதுபோல இரண்டு எண்கள். முதல் எண் விட்டம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். ஒரு ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ நோயாளி அட்டையிலோ ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஸ்டென்ட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் இரண்டு ஸ்டிக்கர், இரண்டு பேட்ச் எண்.

இந்தத் துண்டுத் தாள் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும். காரணம், ஸ்டென்ட் வைத்ததோடு கதை முடிவதில்லை. வெறும் உலோக வலைக்குள் உடலின் தசைச் செல்கள் வளர்ந்து குழாயை மறுபடி அடைத்துவிடலாம். அந்த வளர்ச்சியைத் தடுக்கத்தான் மருந்துப் பூச்சு. 2002, 2003 வாக்கில் வந்த முதல் தலைமுறை ஸ்டென்ட்டுகள் மறு அடைப்பை வெகுவாகக் குறைத்தன. ஆனால் ஓராண்டு கழித்தும் திடீரென ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது 2006இல் பெரும் கவலையானது. வலையின் கம்பி மெலிந்து, பூச்சும் மாறிய பிறகு அந்த ஆபத்து நன்றாகவே இறங்கிவிட்டது. முதலில் வந்த சைஃபர் ஸ்டென்ட்டின் கம்பி 140 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஜையன்ஸில் 81.

நார்வேயில் 9,013 பேரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியான நார்ஸ்டென்ட் ஆய்வின் எண்களை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது. மறுபடி அடைப்பு நீக்கும் சிகிச்சை தேவைப்பட்டது மருந்து பூசியதில் 16.5 சதவீதம், வெறும் உலோகத்தில் 19.8. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தது 0.8, 1.2. ஆனால் மரணம் அல்லது மாரடைப்பு 16.6, 17.1, அதாவது ஏறத்தாழ ஒன்றுதான். மருந்துப் பூச்சு அந்த ஒரு இடத்தைத் திறந்து வைக்கிறது. மற்ற குழாய்களில் படியும் கொழுப்பை அது தொடுவதில்லை. அதற்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுவது ஆகியவைதான் வழி. எந்த வகை ஸ்டென்ட் ஆனாலும், முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பேருக்கு அந்த ஸ்டென்ட் சார்ந்த சிக்கல் வருகிறது. ஐந்தாறு வருடம் கழித்து வேறு ஊரில் நெஞ்சுவலி வந்தால், உள்ளே இருப்பது எந்த வகை, எந்த அளவு என்று அங்கே கேட்பார்கள். பதில் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் என இரட்டை மாத்திரை எழுதுவார்கள். மாரடைப்போடு வந்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம், திட்டமிட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் இன்னும் குறைப்பார். அதன்பின் ஒரு மாத்திரை தொடரும். தவறு நடப்பது இங்கேதான். பல் பிடுங்கப் போகிறவர் தானாகவே இரண்டையும் நிறுத்துகிறார். இன்னொருவர் டிகாக்ரெலாரால் மூச்சு வாங்குவதுபோல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமலே அதை நிறுத்திவிடுகிறார். மாதக் கடைசியில் காசில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போகிறது. முதல் மாதங்களில் இப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் சட்டென்று அடைத்துக்கொள்ளலாம், அப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினால் மருந்தை மாற்றித் தருவார்கள், நிறுத்துவதற்கு அது காரணமாகாது. விலைதான் தடை என்றால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ பொதுப்பெயர் மருந்தாகக் கேளுங்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை இந்த இரட்டை மாத்திரைக் காலம் முடியும்வரை தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி அதில் அடங்கும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். இதை வலி வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள். வலி வந்தவுடன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் 14 மாத்திரைகளை ஒரே தடவையில் தருவார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. அதைப் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஸ்டென்ட்டுக்குக் கூடுதலாக வாங்கியிருந்தால், பில், ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றின் நகலோடு விலை நிர்ணய ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள். கட்டணமில்லா எண் 1800 111 255. அன்றைய உச்ச விலையை 'பார்மா சஹி தாம்' செயலியில் பார்க்கலாம். கூடுதல் தொகையை வட்டியோடு வசூலிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சட்டப்படி அந்தப் பணம் போய்ச் சேருவது அரசுக் கணக்குக்கு. உங்கள் பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப்போட வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய மொத்தத் தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம்.