பல்லைக் காட்டினால் சிரிப்பா?

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக் குன்றில் எடுத்த அதே மாதிரிப் படம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளை கையில் கச்சாங் (கடலை), எதிரே பல்லை இளித்தபடி ஒரு குரங்கு, கீழே ‘குரங்கு சிரிக்குது பாருங்க’. கடைசியாக வந்த படத்தில் பிள்ளைக்கு மூன்று வயதுகூட இருக்காது.

அது சிரிப்பே இல்லை, ஐயா. கெரா என்று நாம் சொல்லும் நீள்வால் குரங்கு, உதட்டைப் பின்னுக்கு இழுத்துச் சத்தமில்லாமல் பல்வரிசையைக் காட்டினால் அது பயந்திருக்கிறது. பெரிய குரங்கிடம் ‘என்னை விட்டுவிடு’ என்று காட்டும் முகம் அது. ஒதுங்க வழியில்லை என்றால் கடித்துவிடும். புருவத்தைத் தூக்கி, வாயை வட்டமாகத் திறந்து உற்றுப் பார்த்தால் மிரட்டுகிறது. அப்போது பல் தெரியாமலும் இருக்கலாம். பெரிய ஆண் கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், பல நேரம் அது பதற்றம். எதைக் கண்டாலும் கேமராவை இறக்குங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

பிளாஸ்டிக் பை சரசரத்தாலே கெரா பாய்ந்து வரும். தீனியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். 200 முதல் 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் பக்கத்தில் போகவே தேவையில்லை.

மெலாவத்தியில் இருக்கும் இன்னொரு குரங்கான லோத்தோங், இலை தின்னும் கறுத்த குரங்கு, சாதுதான். ஆனால் அதன் வயிறு இலையை நொதிக்க வைக்கும் வயிறு, ரொட்டி ஆகாது. கறுத்த தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, −0.7க்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் கேமரா கறுப்பை வெளுப்பாக்க முயன்று குட்டியின் நிறத்தை அழித்துவிடும். வானத்தை முதுகில் வைத்துக் கிளையில் இருந்தால் நேர்மாறு, +1. ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்கக்கூடாது.

தைப்பிங், நெகாரா மிருகக்காட்சிசாலைகளில் கண்ணாடி இருந்தால் லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட்டை அதில் ஒட்டி எடுங்கள், பிளாஷ் வேண்டவே வேண்டாம். கம்பிவலை என்றால் வெயில் படாத பக்கமாக நின்று, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப்/4 அல்லது அதற்கும் அகலமாகத் திறந்து, குரங்கு வலையைவிட்டு உள்ளே தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். வலை மங்கிப் போகும். அதற்காகத் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

கடித்தாலோ கீறினாலோ மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள், தயவுசெய்து. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், குரங்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள்.